ஷோரூமுக்கு எதிரே நின்ற கார்

அந்த அக்கா யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. குரலை உயர்த்திப் பேசிக்கூடக் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவருடைய பேச்சில் மரியாதை கூடிக்கொண்டே போகும். சாதாரணமாக வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' போடுகிறவர், கோபம் வந்துவிட்டால் சொல்லுக்குச் சொல் போடுவார். "அப்புடிங்களா, நீங்க சொன்னாச் செரியாத்தானுங்க இருக்குமுங்க" என்று அவர் சொன்னால் எதிரில் நிற்பவனுக்குக் கெட்ட காலம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்தில் எல்லோருமே மரியாதையாகப் பேசுகிறவர்கள்தான். அதனால் வெளியூர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது. எங்கள் சர்வீஸ் மேனேஜருக்குப் பிடிபடவில்லை. அவர் சென்னைக்காரர். நான் திருப்பூருக்குப் பக்கத்து மங்கலத்துக்காரன். எனக்குப் பிடிபட்டிருக்க வேண்டும்.

அப்போது திருப்பூரில் ஒரு கார் ஷோரூமில் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். வருகிற வண்டியைச் சுற்றிப் பார்த்து, கோளாறு என்ன என்று ஜாப் கார்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்புகிற வேலை. வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, ஏசி. பெண் பார்க்கப் போகிற இடத்தில் சொல்லிக்கொள்ளத் தோதான வேலை.

அக்கா ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் தன் வீட்டோடு சேர்த்துப் பன்னிரண்டு மெஷின் போட்டுப் பவர் டேபிள் நடத்திவந்தார். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கிற பனியன் துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கிற சின்னக் கூடம். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டிருப்பார், பஞ்சு ஒட்டாமலிருக்க. கழுத்தில் ஒரு கயிறு, அதில் நூல் வெட்டுகிற சின்னக் கட்டர். ஷோரூமுக்கு வரும்போதும் அதைக் கழற்றமாட்டார். சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய வீட்டுக்காரருக்கு ஒருநாள் காலையில் பல் விளக்கும்போதே பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆட்டோவில் ஏற்றி இறக்க முடியவில்லை. அதனால்தான் கார். நாற்பத்து நாலு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரே மாதத்தில் லைசென்ஸ் எடுத்து வாங்கிய கார்.

முதல் சர்வீசுக்கு வண்டியை என்னிடம்தான் கொண்டுவந்தார். ஒரு கீறல் இல்லை. முன்சீட்டில் தேங்காய்ப்பூத் துண்டு விரித்திருந்தது. "எங்க ஊட்டுக்காரர் உக்கார்ற எடமுங்க. அதுல ஆரும் உக்காரக் கூடாதுன்னு சொல்லீருங்க" என்றார். எங்கள் டெக்னீசியன் வண்டியை உள்ளே எடுத்துப்போனபோது அந்தத் துண்டில் கை படாமல் ஓட்டுவானா என்பதுபோல அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினான்காவது மாதம் பெருமாநல்லூர் ரோட்டில் அந்த வண்டி புகைந்தது.

பிசியோதெரபி முடித்துத் திரும்பி வருகிறார்கள். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. அக்கா ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இறங்கிச் சுற்றி ஓடிவந்து இடப்பக்கக் கதவைத் திறந்திருக்கிறார். பதற்றத்தில் வீட்டுக்காரர் முன்னால் சாய்ந்து இழுத்ததில் சீட் பெல்ட் இறுகிக்கொண்டது. பொத்தானை அமுக்கினால் விடவில்லை. கழுத்தில் தொங்கிய நூல் கட்டரால் அந்தப் பெல்ட்டை நறுக்கு நறுக்கென்று நறுக்கி அறுத்து ஆளை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். மணல் லாரிக்காரர் ஒருவர் தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் நர்ஸ் பார்த்துச் சொன்னாராம்: வீட்டுக்காரரின் இடது பாதத்தில் பிளாஸ்டிக் உருகி வழிந்து, தோல் வெந்து போயிருந்தது. விளங்காத பக்கம். அவர் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை.

"அவருக்கு வலிக்கலீங்க தம்பி. அதுதானுங்க என்னால தாங்க முடியலே" என்று மறுநாள் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து சொன்னார். அவருடைய உள்ளங்கையில் கட்டர் கிழித்த இடத்தில் துணி சுற்றியிருந்தது.

வண்டியைத் திறந்து பார்த்த டெக்னீசியன் மதுரைப் பக்கத்துப் பையன். என்னைத் தனியே கூப்பிட்டான். "அண்ணே, ஏசி புளோயருக்குப் போற கனெக்டர்தாண்ணே வெந்திருக்கு. கம்பெனி ஒயரு. ஸ்டீரியோ ஒயருல ஒரு கருகல்கூட இல்ல, பாத்துக்கங்க" என்றான். பார்த்தேன். அவன் சொன்னது சரி.

ஆனால் அந்தக் காரில் கம்பெனி மியூசிக் சிஸ்டம் இல்லை. வெளிச் சாமான் ஒன்று மாட்டியிருந்தது. அது போதும் என்றார் மேனேஜர். வாரண்டியில் அனுப்பினால் மேலிருந்து ஆள் வருவான், கேள்வி வரும், அந்த மாதம் ஏற்கெனவே நிறைய அனுப்பியாகிவிட்டது. "அவுட்சைட் ஃபிட்டிங்னு எழுதி மூடு" என்றார்.

அக்காவிடமும் அவரே பேசினார்.

"மேடம், வெளியில எலக்ட்ரிகல் ஐட்டம் மாட்டினா வாரண்டி போயிடும். பாலிசி அது."

"அது வெளிய மாட்டலீங்களே. வண்டி எடுத்தன்னைக்கு உங்க கடையிலதானுங்க மாட்டுனாங்க. எங்க ஊட்டுக்காரருக்குப் பழைய பாட்டுன்னா உசுருங்கன்னு சொன்னேன், கிஃப்ட்டுன்னு மாட்டி உட்டாங்க."

"பில் இருக்கா?"

"கிஃப்ட்டுக்கு எங்கீங்க பில்லு?"

"பில் இல்லைன்னா நாங்க மாட்டலை."

எங்கள் ஷோரூமில் உதிரி அலங்காரச் சாமான் விற்கிற கவுண்டர் ஒன்று இருந்தது. அங்கே கோயமுத்தூரிலிருந்து மூட்டையில் வருகிற மலிவுச் சாமான் பில்லில்லாமல் மாட்டப்படுவது எனக்குத் தெரியும். அதில் யார் யாருக்குப் பங்கு என்பதும் தெரியும். ஜாப் கார்டைப் புரட்டிக்கொண்டு நின்றேன்.

மேனேஜர் எழுந்து போகிறபோது எங்களைப் பார்த்து, அக்கா காதிலும் விழும்படி சொன்னார்: "பனியன் தைக்கிறவங்க கார் வாங்கினா இப்படித்தான். தையல் மெஷின் மாதிரியே கண்ட இடத்துல ஒயர் இழுத்துடுவாங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களில் ஒருவன் நான்.

சிரிப்பு நின்றதும் அக்கா சொன்னார்: "அப்புடிங்களா. நீங்க சொன்னாச் செரியாத்தானுங்க இருக்குமுங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் இங்கிலீஷில் எழுதியிருந்த காரணத்தைக் காட்டி, "எனக்கு இது படிக்கத் தெரியாதுங்க தம்பி. கீழயே தமிழ்ல எழுதிக் குடுங்க" என்றார். எழுதினேன். 'வாடிக்கையாளர் வெளியில் பொருத்திய மியூசிக் சிஸ்டம் காரணமாகத் தீ. வாரண்டியில் வராது.' கீழே பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெந்துபோன அந்தக் கனெக்டரையும் கேட்டார். டெக்னீசியன் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, தலையைக் குனிந்துகொண்டே கொடுத்தான். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அவரைப் பற்றி எனக்கு முன்பே கொஞ்சம் தெரிந்திருந்தால் அந்தக் கும்பிட்டுக்குப் பயந்திருப்பேன். தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அவருடைய டெய்லர் ஒருவர் பேக்கரியில் டீ குடித்தபடி பிறகு சொன்ன கதை இது.

அக்கா பதினாலு வயதில் கைமடியாக வேலைக்குப் போனவர். தைக்கிறவர் பக்கத்தில் நின்று துணியை மடித்து மடித்துக் கொடுக்கிற வேலை. ஒருநாள் சைஸ் மாற்றி மடித்துவிட்டார் என்று சூப்பர்வைசர் ஒருவர் பனியன் கட்டைத் தலையில் வைத்து ஒரு ஷிப்ட் முழுக்க நிற்க வைத்தாராம். பதினெட்டு வருஷம் கழித்து அந்த ஆள் வேலை பார்த்த கம்பெனி மூடிப்போய், அடையாளம் தெரியாமல் அக்காவின் கூடத்துக்கே வேலை கேட்டு வந்தார். அக்கா ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "மடிக்கத்தானுங்க ஆள் வேணும், பரவாயில்லீங்களா?" என்று கேட்டுச் சேர்த்துக்கொண்டார். தினமும் பதினோரு மணிக்கு அந்த ஆளுக்கு மட்டும் தன் கையால் டீ கொண்டுபோய் நீட்டுவாராம். "சூப்பர்வைசர் சார், நின்னு நின்னு கால் வலிக்குதுங்களா? செத்த உக்காருங்க."

தான் சூப்பர்வைசராக இருந்தது இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று அந்த மனிதருக்கு இருபது நாள் புரியவில்லை. புரிந்த அன்று மத்தியானம் சட்டையை மாட்டிக்கொண்டு சொல்லாமல் போய்விட்டார். சனிக்கிழமை அக்கா அவர் வீடு தேடிப்போய், மனைவி கையில் சம்பளத்தைக் கொடுத்து, "சார் நல்லா மடிக்கிறாருங்க. ஏன் நின்னுட்டாருன்னு தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

"பதினெட்டு வருசம் எப்புடீங்க்கா ஞாபகம் வெச்சிருந்தீங்க?" என்று டெய்லர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "மறந்தாத்தானுங்க ஞாபகம் வெக்கோணும்."

எங்கள் ஷோரூமுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காலியிடம் இருந்தது. முள்ளும் பிளாஸ்டிக் பையுமாகக் கிடக்கும். கார் புகைந்து மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலையில் அந்த இடம் சுத்தமாகியிருந்தது. ஒரு கிரேன் வந்து அக்காவின் காரை அங்கே இறக்கியது. முகம் எங்கள் ஷோரூம் பக்கம். இடப்பக்கக் கதவு திறந்து கட்டப்பட்டிருந்தது. கருகிய டேஷ்போர்டும், அறுந்து தொங்கும் பெல்ட்டும் ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும்.

பத்து மணிக்கு அக்கா வந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பெரிய குடை, ஒரு மூட்டை பனியன். உட்கார்ந்து நூல் பிசிறு வெட்ட ஆரம்பித்தார்.

போர்டு இல்லை, கோஷம் இல்லை. கார் பார்க்க வருகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் என்னவென்று கேட்பார்கள். "கார் நல்ல காருங்க. அந்தக் கடைக்காரங்களும் நல்லவங்கதானுங்க. இது மட்டும் இப்புடி ஆயிப்போச்சுங்க. ஏன்னு எழுதிக் குடுத்திருக்காங்க, படிச்சுப் பாருங்க" என்று ஒரு தாளை நீட்டுவார். லேமினேட் செய்த ஜாப் கார்டு. தமிழில் என் கையெழுத்து. படித்து முடித்ததும் பிளாஸ்டிக் கவரில் இருந்த கனெக்டரைக் காட்டுவார். "இது கம்பெனிச் சாமானுங்க. பாட்டுப் பொட்டி அங்கயே இருக்குது, வேகலீங்க. நீங்களே பாத்துக்குங்க." அவ்வளவுதான். திரும்பப் பிசிறு வெட்டுவார்.

மேனேஜர் போலீசைக் கூப்பிட்டார். வந்த எஸ்.ஐ.யிடம் அக்கா இட வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினார். "என்ற எடமுங்க, என்ற காருங்க, என்ற வேலையுங்க. தப்புங்களா சார்?" எஸ்.ஐ. காரைச் சுற்றிப் பார்த்தார், தாளைப் படித்தார், டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பக்கம் போன நான்கு பேர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் அக்கா வந்தார். வெயிலில் கறுத்துப்போனார். ஏசிக்குள் இருந்து நாங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். விற்பனைப் பிரிவுப் பெண்கள் திரைச்சீலை கேட்டார்கள். மேனேஜர் வாங்கி மாட்டினார். திரை போட்ட கார் ஷோரூம் தமிழ்நாட்டிலேயே அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

இதற்குள் அக்கா நுகர்வோர் கோர்ட்டுக்கும் போயிருந்தார். நோட்டீஸ் வந்த அன்று மேனேஜர் என்னை லவுஞ்சுக்குக் கூப்பிட்டார். சுவரில் வண்டி டெலிவரி எடுத்தவர்களின் போட்டோக்களைச் சட்டம் போட்டு மாட்டியிருப்போம். அதில் ஒன்றில் அக்காவும் வீட்டுக்காரரும் இருந்தார்கள். ரிப்பன் கட்டிய கார், முன்சீட்டில் மாலையோடு அவர், பெரிய அட்டைச் சாவியைப் பிடித்தபடி அக்கா. திறந்த கதவு வழியாக நீல வெளிச்சத்தோடு மியூசிக் சிஸ்டம் பளிச்சென்று தெரிந்தது. பின்னால் எங்கள் ஷோரூமின் பெயர்.

"அதைக் கழட்டிக் கிழிச்சுப் போடு" என்றார் மேனேஜர்.

கழற்றினேன். கிழிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன். ஏன் என்று கேட்டால் நேர்மை என்று சொல்ல மாட்டேன். இந்த ஆள் என்றைக்காவது என்னைக் கைகழுவிவிடுவான், அன்றைக்கு உதவும் என்று நினைத்தேன்.

அந்த மாதங்களில் எனக்குப் பேசி முடித்த சம்பந்தம் ஒன்று நின்றுபோனது. பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், எதிரே கூட்டத்தைப் பார்த்து அங்கே போயிருக்கிறார். தாளை வாங்கிப் படித்திருக்கிறார். "பொய்யி எழுதற கைக்குப் புள்ளையக் குடுக்க முடியாதுங்க" என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்.

அன்று சாயங்காலம் நான் ரோட்டைத் தாண்டிப் போனேன். வருகிற வண்டிகளைக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, எழுதச் சொன்னது மேனேஜர். எம் பேரை ஏங்க ஊரெல்லாம் காட்டறீங்க? எனக்குக் கல்யாணம் நின்னு போச்சுங்க."

"அடடா" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்ட முகம். "பொண்ணு எந்த ஊருங்க?"

"பேரை மட்டும் மறைச்சுருங்க அக்கா."

"மறைச்சர்லாமுங்க தம்பி. 'நான் எழுதுனது பொய்யி'ன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. அதையும் பக்கத்துலயே ஒட்டீர்றேன். உங்க பேருக்கு வந்தது போயிருமுங்க."

வேலை போய்விடும் என்றேன்.

"ஆமாங்க, போயிருமுங்க" என்று ஒத்துக்கொண்டார். ஒரு பனியனை எடுத்துப் பிசிறு வெட்டிவிட்டு, "டீ சொல்லட்டுங்களா?" என்று கேட்டார்.

நான் டீ குடிக்காமல் திரும்பி வந்தேன். பதினோரு மணி டீயின் கதை அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

நான் பயந்தது போலவே நடந்தது. கார் கம்பெனியின் மேலிடத்திலிருந்து ஆள் வந்து விசாரித்தபோது, அட்வைசர் தன்னிச்சையாக எழுதிவிட்டார் என்று மேனேஜர் சொன்னார். கையெழுத்து என்னுடையதுதானே. மத்தியானமே அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வாசலில் செக்யூரிட்டி என் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தான்.

வீட்டுக்குப் போய் அந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு நேராக நெருப்பெரிச்சல் போனேன். வழியெல்லாம் மேனேஜரின் முகத்தை நினைத்துக்கொண்டே போனேன். அவன் அழிய வேண்டும். அவ்வளவுதான் மனதில் இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பாதத்தில் வெந்த தழும்பு ரோஸ் நிறத்தில் மினுங்கியது. "வா கண்ணு, உள்ள வா" என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியும். அப்படியும் கூப்பிட்டார்.

அக்கா போட்டோவை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கோர்ட்டில் சாட்சி சொல்கிறேன் என்றேன். எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன்.

"நெம்ப சந்தோசமுங்க. இது எத்தனை நாளா உங்ககிட்ட இருக்குதுங்க?"

"நாலு மாசங்க."

"நாலு மாசங்களா." சொல்லிவிட்டுத் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். வெயிலில் தோலுரிந்த கை. "நாலு மாசமுங்க நான் அங்க உக்காந்திருந்தது உங்களுக்குக் கண்ணாடி வழியாத் தெரிஞ்சுதுங்களா தம்பிங்க?"

அதுவரை வெறும் 'தம்பி'யாக இருந்தவனை அவர் 'தம்பிங்க' என்றது அதுதான் முதல்முறை.

சாட்சி சொன்னேன். மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருக்க, அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும், அவர் குரலிலேயே சொன்னேன். அதில் எனக்கிருந்த சுகத்தை மறைக்க மாட்டேன். போட்டோவும் கனெக்டரும் மேசைமேல் இருந்தன. வேலையை விட்டுப் போயிருந்த டெக்னீசியன் பையனும் ஊரிலிருந்து வந்து ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போனான். தீர்ப்பு அக்கா பக்கம் வந்தது. இழப்பீடு தர வேண்டும், ஜாப் கார்டில் எழுதியது தவறு என்று எழுத்திலும் தர வேண்டும். ஷோரூம் முதலாளி மேனேஜரை வெளியே அனுப்பினார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து அக்கா தன் வீட்டுக்கு என்னை வரச்சொல்லியிருந்தார், ஏதோ தாளில் கையெழுத்துக்காக. நான் போன நேரத்தில் வாசலில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. கேட்கிற இடத்திலெல்லாம் திருப்பூர் கார் விஷயத்தைச் சொல்கிறார்களாம். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அதை வாங்கிக்கொண்டதாக அக்கா ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

அக்கா அவருக்கு நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"அட, உடுங்க சார். எல்லாருந்தான் தப்புப் பண்றோம். வெந்தது என்ற காலு. நான் மன்னிச்சுட்டேன். போயி பொழப்பைப் பாருங்க." நல்ல கையை நீட்டி மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா முதல்முறையாக மரியாதையில்லாமல் பேசி அன்று கேட்டேன். குரல் அப்போதும் உயரவில்லை.

"மன்னிக்கறதுக்கு நீ ஆரு?"

வீட்டுக்காரர் திகைத்துப் போனார். "என்ற காலுதானே புள்ள..."

"உன்ற காலுக்குத்தான் வலிக்கவே இல்லையே. வலிச்சது எனக்கு."

மேனேஜர் மெல்லக் கையை உருவிக்கொண்டார். உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா மேனேஜர் பக்கம் திரும்பி, "நீங்க போலாமுங்க சார். கடுதாசியை நீங்களே வெச்சுக்குங்க" என்றார். அவர் போகிறபோது கேட் வரைக்கும் கூடப் போய், கொக்கியைத் திறந்துவிட்டார்.

அதன் பிறகு நாற்பது நாள் அக்கா தன் புருஷனோடு பேசவில்லையாம். டெய்லர்தான் சொன்னார். குளிப்பாட்டுவார், சோறு ஊட்டுவார், பாதத்துத் தழும்புக்கு மருந்து போடுவார், பிசியோதெரபிக்கு வாடகைக் காரில் தவறாமல் கூட்டிப்போவார். ஒரு சொல் கிடையாது. அந்த மனிதர் வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் எல்லாம், "எதாச்சும் பேசச் சொல்லுங்க, திட்டவாச்சும் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். நாற்பத்தோராவது நாள் அக்கா பேசியது இதுதான்: "மருந்து தீந்து போச்சு. வாங்கிட்டு வந்தர்றேன்."

தீர்ப்பு வந்த பிறகும் அவர் காரை அந்த இடத்திலிருந்து எடுக்கவில்லை. தினமும் உட்காருவதை மட்டும் நிறுத்தினார். கார் நின்றது. கதவு திறந்தபடி. லேமினேட் செய்த தாளுக்குப் பக்கத்தில் கம்பெனி எழுதிக் கொடுத்த தாளையும் ஒட்டியிருந்தார். ஷோரூமுக்குக் கூட்டம் குறைந்தது. கார் கம்பெனி அந்த ஏஜென்சியை வேறொருவருக்கு, வேறொரு ரோட்டுக்குக் கொடுத்துவிட்டது. உள்ளே வேலை பார்த்த நாற்பது பேரில் பாதிப் பேருக்குத்தான் புது இடத்தில் வேலை கிடைத்தது. மற்றவர்களை எனக்குத் தெரியும். அந்தக் காரைப் பற்றி அவர்கள் யாரும் ஒரு பொய்யும் எழுதியதில்லை. ஏசியில் திரைபோட்டு உட்கார்ந்திருந்ததைத் தவிர ஒரு குற்றமும் செய்ததில்லை. இதை ஒருமுறை அக்காவிடம் சொன்னேன். "அப்புடிங்களா, பாவமுங்க" என்றார்.

ஷோரூமின் பெயர்ப் பலகையைக் கழற்றிய அன்று நானும் போயிருந்தேன். வடநாட்டுப் பையன்கள் இரண்டு பேர் ஏணியில் நின்று எழுத்து எழுத்தாகக் கழற்றிக் கீழே போட்டார்கள். அக்கா எதிர்ப்பக்கம் தன் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி எழுத்து இறங்கியதும் எழுந்து, கிரேன்காரருக்குப் போன் செய்தார். பழைய இரும்புக்காரர் வந்து விலை சொன்னார். பேரம் பேசாமல் சாவியைக் கொடுத்தார்.

நான் அப்போது வீரபாண்டியில் சின்னதாக ஒரு கார் ஒர்க்‌ஷாப் ஆரம்பித்திருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். நல்லா வருமுங்க என்றார். கிரேன் காரைத் தூக்குகிற சத்தத்தில் அவர் காதருகில் போய்க் கேட்டேன்.

"இப்பத் திருப்திங்களா அக்கா?"

"இன்னும் இல்லீங்க தம்பி. ஒருத்தர் பாக்கி இருக்காருங்க."

யார் என்று நான் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்தார், பிரியமாக.

"சாட்சி சொன்னனுங்களே அக்கா."

"சொன்னீங்க. உங்க கோவத்துக்குச் சொன்னீங்க. ஆனாலும் அது பெரிய உதவியுங்க, நான் மறக்க மாட்டேன். அந்தச் சிரிப்பும் நாலு மாசமும் வேறீங்க." கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்கு என்ன பண்றதுன்னு எனக்கு ஒண்ணும் தோணவே மாட்டீங்குதுங்க. தோணட்டுமுங்க."

சேலையை உதறிக்கொண்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டார். கும்பிட்டார்.

"வர்றனுங்க தம்பி."

எங்கள் ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை. வீட்டிலிருந்து கிளம்பும் விருந்தாளியிலிருந்து, பில் கொடுத்துவிட்டுப் போகிற வாடிக்கையாளர் வரைக்கும் எல்லோரும் சொல்கிற சொல் அதுதான். அன்றிலிருந்து என் ஒர்க்‌ஷாப்பில் யார் அதைச் சொன்னாலும் கையிலிருக்கிற ஸ்பேனரை வைத்துவிட்டு நிமிர்ந்து வாசலைப் பார்க்கிறேன். ஏழு வருஷமாகிறது. அக்கா இன்னும் வரவில்லை.